எலெக்-டிராக் டெக்குக்கு "அப்படியே பொருந்தும்" என்று விற்கும் பிளேடுகள்: வாங்கும் முன் படிக்கவும்

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பழைய எலெக்-டிராக் என்ற, பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் டிராக்டரை இன்னும் ஓட்டுபவர்களுக்கும், ஒன்றை வாங்கிச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. டெக் என்பது வண்டியின் அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் தகரக் கூடு. "42 இன்ச் டெக், மூன்று பிளேடு செட், அசல் பழைய ஸ்டாக், அப்படியே பொருந்தும்" என்று விளம்பரப்படுத்தி விற்ற செட் ஒன்றை அளந்து பார்த்ததில் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறோம். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. பெயரைவிட, அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதுதான் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.

மூன்று பிளேடுகளும் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து வந்தன. சமையலறைத் தராசில் வைத்தால் 598, 641, 612 கிராம். ஒரே செட் என்றால் இவ்வளவு வித்தியாசம் வராது. ஷேவிங் பிளேடால் ஒன்றின் நடுப்பகுதியில் பெயின்டைச் சுரண்டினால் அடியில் துருக்குழிகள். துளையைச் சுற்றி பழைய வாஷர் உட்கார்ந்திருந்த வட்டத் தழும்பு. துளையும் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுபட்டு முட்டை வடிவில் இருந்தது. பின்ஓரத்தில் மேலே வளைந்திருக்கும் காற்றுச் சிறகு மண்ணும் மணலும் உரசி நகம் போல மெலிந்திருந்தது. அசல் பழைய ஸ்டாக் என்றால் பெட்டி பிரிக்காத சரக்கு என்று அர்த்தம். வந்ததோ பல வருடம் ஓடிய பிளேடு, பெயின்ட் மட்டும் புதிது. நீளம் வண்டியில் ஏற்கெனவே இருந்த பிளேடைவிட அரை அங்குலம் அதிகம். துளை, ஹப்பில் (மோட்டார் ஷாஃப்டில் பிளேடு உட்காரும் பாகம்) துருத்தி நிற்கும் வட்டக் கழுத்தைவிட 1/8 அங்குலம் பெரியது. அந்த இடைவெளிக்காகத் தகர வளையம் இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு வந்த பதில்: "எல்லா 42 இன்ச் டெக்கும் ஒன்றுதான், வளையம் போட்டு இறுக்குங்கள்." திருப்பி அனுப்பினால் விலையில் கால்வாசியைக் கழித்துக்கொள்வோம், போக்குவரத்தும் உங்கள் செலவு என்றார்கள்.

எல்லா 42 இன்ச் டெக்கும் ஒன்றல்ல. ஏமாற்று தொடங்குவதே இந்த இடத்தில்தான். இன்று கடையில் கிடைக்கும் பெட்ரோல் டிராக்டர்களின் 42 இன்ச் டெக்கில் பெரும்பாலும் இரண்டு பிளேடுதான், ஒவ்வொன்றும் சுமார் 21 அங்குலம். பெல்ட்டில் ஓடுபவை. நடுத்துளை நட்சத்திர வடிவில் இருக்கும்: கிராஃப்ட்ஸ்மேன், ஹஸ்க்வர்னா வகையில் ஐந்து முனை, எம்டிடி வகையில் ஆறு முனை. எலெக்-டிராக் 36 வோல்ட் வண்டி, ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் தொடர் இணைப்பில். அதன் 42 இன்ச் டெக்கில் பெல்ட்டே கிடையாது. மூன்று தனித்தனி டிசி மோட்டார்கள், ஒவ்வொன்றின் ஷாஃப்டிலும் நேரடியாக ஒரு பிளேடு. 42 அங்குலத்தை மூன்று பிளேடு பகிர்ந்துகொள்கிறது. ஒன்றின் பாதையும் அடுத்ததின் பாதையும் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை மேற்படிந்தால்தான் நடுவில் புல் வரிசை விடுபடாது. கணக்குப் போட்டால் ஒரு பிளேடு 14¼ முதல் 14¾ அங்குலத்துக்குள் வரும். தேடும்போது "42 இன்ச்" என்று டெக் அகலத்தைப் போட்டால் தவறான சரக்குதான் முன்னால் வந்து நிற்கும். பிளேடின் நீளத்தைப் போட்டுத் தேடுங்கள்.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? பற்கள் உள்ள பெல்ட்டில் ஓடும் டெக்குகளில் பிளேடுகள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் சுற்றும், அதனால் பாதைகள் ஒன்றையொன்று வெட்டினாலும் மோதாது. மூன்று தனி மோட்டார் டெக்கில் அந்தத் தாளம் கிடையாது. எந்த நேரத்தில் எந்த முனை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே கோட்டில் நிற்காமல் முன்பின்னாக அருகருகே உள்ள இரண்டு ஷாஃப்டுகளின் மையங்களுக்கிடையே குறுக்காக அளக்கும் தூரத்தைவிட பிளேடு குறைவாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் விரல் கனமாவது விட்டு. அரை அங்குலம் நீளமான பிளேடு மாட்டினால் முனையும் முனையும் சந்திக்கும் நாள் ஒன்று வரும். டெக்கின் தகரச் சுவரில் உரசுவதும் உண்டு.

முட்டாவிட்டாலும் மோட்டார் அதன் விலையைக் கொடுக்கும். ஒரே வேகத்தில் சுற்றும் பிளேடுக்குக் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி, நீளத்தின் ஐந்தாம் மடியாக ஏறும். 14½ அங்குலம் 15 ஆனால் சுமார் 18 சதவீதம் கூடுதல், புல்லைத் தொடாமலே. பெட்ரோல் இன்ஜின் இதைக் கண்டுகொள்ளாது. இங்கே ஒவ்வொரு மோட்டாரும் அந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கிறது: கரன்ட் ஏறும், கார்பன் பிரஷ் சூடாகும், பிரேக்கர் விழும், பேட்டரி முன்னதாகவே இறங்கும். "ஹை லிஃப்ட்", "மல்ச்சிங்" என்று விற்கும் பிளேடுகளையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். உயரமான சிறகு கூடுதல் காற்றை இழுக்கிறது; அந்தக் காற்றுக்கான கூலியை பேட்டரிதான் தருகிறது. குறைந்த சிறகு உள்ள சாதாரண பிளேடு போதும்.

இப்போது அந்தத் தகர வளையம். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் இந்த ஏமாற்றில் மிக ஆபத்தான பகுதி அதுதான். துளை 1/8 அங்குலம் பெரிதாக இருந்து, வளையம் பிதுங்கியோ நசுங்கியோ பிளேடு ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தால், மையம் 1/16 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. 600 கிராம் பிளேடு 3,500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 13 கிலோ எடைக்குச் சமமான இழுவை ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும். பேரிங் முதலில் போகும். அடுத்து, மோட்டார் கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஃபெரைட் காந்தங்கள்: அவை பீங்கான் போல நொறுங்கும் இனம், அதிர்வில் பசை விட்டால் ஆர்மச்சரில் (உள்ளே சுழலும் பகுதி) உரசித் தூளாகும். பிளேடு இன்னொன்று வாங்கலாம். 1970களின் மோட்டாருக்கு எங்கே போவது?

கூம்பு வடிவப் பேலன்சரில் வைத்துப் பார்த்து "பேலன்ஸ் சரியாக இருக்கிறதே" என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். கூம்பு, துளையின் மையத்தைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளும். துளை பெரிதா, ஹப்பில் பிளேடு எங்கே உட்காரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பேலன்சரில் தேறிய பிளேடு வண்டியில் நடுங்குவது இதனால்தான். அதே நேரம், துளையே மையம் தவறித் துளைக்கப்பட்டிருந்தால் பேலன்சர் காட்டிக்கொடுக்கும். அதனால் இரண்டும் செய்ய வேண்டும்: பேலன்சரில் வையுங்கள், பிறகு ஹப்பில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். இறுக்கும் முன்பே பக்கவாட்டில் அசைவு தெரியக் கூடாது. துளை பெரிதாக உள்ள பிளேடைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், தகர வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, லேத் பட்டறையில் தோள் வைத்த எஃகு புஷ் (துளையின் இடைவெளியை நிரப்பும் உருளை வளையம்) ஒன்று கடைந்து வாங்குங்கள். துளை சிறிதாக இருந்தால் வீட்டு டிரில்லால் பெரிதாக்க முயல வேண்டாம். பதப்படுத்திய எஃகில் பிட் வழுக்கும், மையம் நிச்சயம் தவறும்.

வாங்கும் முன் பழைய பிளேடை அளந்து தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதைக் கழற்றும் முறை: வண்டியின் மெயின் கனெக்‌ஷனைத் துண்டித்து, டெக்கின் பவர் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் நின்றால் சத்தம் நின்றுவிடும். இங்கே பேட்டரி எப்போதும் உயிரோடு இருக்கிறது. ஒட்டிப்போன ரிலே ஒன்று முன்னறிவிப்பே இல்லாமல் மோட்டாரைச் சுழற்றும். பிளேடுக்கும் டெக் சுவருக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து போல்டைத் தளர்த்துங்கள். துருப்பிடித்து வராவிட்டால் துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள், பிறகு புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். ஷாஃப்டின் நுனியில் சுத்தியல் படவே கூடாது, மேலே சொன்ன காந்தங்கள் அந்த அடியையும் தாங்காது.

அளக்க வேண்டியவை: ஒரு முனையின் வெட்டும் மூலையிலிருந்து எதிர்முனையின் வெட்டும் மூலை வரை மூலைவிட்டமாக நீளம், அகலம், வெர்னியரால் கனம், துளையின் விட்டம் (இரண்டு திசையில்), சமதரையில் வைத்தால் நடுப்பகுதிக்கும் முனைக்கும் உள்ள உயர வித்தியாசம். இந்தக் கடைசி அளவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது மாறினால் வெட்டும் உயரம் மாறும், சிறகு டெக்கின் மேல்தகரத்தில் இடிக்கவும் கூடும். ஆரிகன், ஸ்டென்ஸ், ரோட்டரி போன்ற மாற்றுப் பாகக் கம்பெனிகளின் கேட்டலாக்கில் பிளேடுகள் இதே அளவுகளோடு பட்டியலிடப்பட்டிருக்கும். "எலெக்-டிராக்" என்ற பெயரைத் தேடுவதைவிட அளவைக் கொண்டு தேடினால் சரியான பிளேடு சீக்கிரம் கிடைக்கும், பெயருக்காக வைக்கும் கூடுதல் விலையும் மிஞ்சும்.

சுற்றும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கூர் விளிம்பு முன்னால் போக வேண்டும், சிறகு பின்னால், டெக்கை நோக்கி மேலே. புது பிளேடு மாட்டியும் புல் வெட்டாமல் படுத்து எழுந்தால், பிளேடைக் குறை சொல்லும் முன் வயரைப் பாருங்கள். நிரந்தரக் காந்த டிசி மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினாலே சுழற்சி தலைகீழாகிவிடும். முன்பு யாரோ சரிசெய்த டெக்கில் ஒரு மோட்டார் மட்டும் எதிர்த்திசையில் ஓடுவது உண்டு.

விற்பவரிடம் பணம் கட்டும் முன் கேளுங்கள்: துளையின் மேல் அளவுகோல் வைத்த படம், சிறகைப் பக்கவாட்டில் எடுத்த படம், மூன்றின் தனித்தனி எடை. தயங்கினால் விட்டுவிடுங்கள். வளைந்ததை நிமிர்த்தியது, வெல்டிங் வைத்து நீட்டியது என்று சந்தேகம் வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நெருப்புக் காட்டிய இடத்தில் எஃகின் பதம் போயிருக்கும், கல்லில் பட்டால் துண்டாகப் பறக்கும். வெட்டும் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால் சாணை பிடித்தவர் சூடாக்கிக் கெடுத்திருக்கிறார். பேபாலில் "நண்பர், உறவினர்" வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஈபேயில் "விவரித்தபடி இல்லை" என்று புகார் கொடுக்கப் பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள் அவகாசம். அப்படிப் புகார் ஏற்கப்பட்டால் விற்பவர் சொல்லும் கால்வாசிக் கழிவு செல்லாது, திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. பெட்டியைப் பிரித்த உடனே அளவுகோலோடும் தராசோடும் படமெடுத்து வையுங்கள். பெயின்டைச் சுரண்டுவது அதற்கப்புறம்தான்.

சரியான பிளேடு கிடைத்து மாட்டியதும், ஒரு முனைக்கு நேரே தரையில் கட்டை வைத்து உயரத்தைக் குறித்து, பிளேடைக் கையால் அரைச்சுற்று திருப்பி எதிர்முனையைப் பாருங்கள். 1/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேடோ ஹப்போ வளைந்திருக்கிறது. டிசி கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து கரன்டை அளக்கும் கருவி) இருந்தால் மூன்று மோட்டாரையும் புல்லில்லாத சிமென்ட் தரையில் தனித்தனியாக ஓட்டி கரன்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாக உயர்ந்து நின்றால் அந்த பிளேடை அடுத்த மோட்டாருக்கு மாற்றிப் பாருங்கள். உயர்வு பிளேடோடு போனால் பிளேடு, அங்கேயே நின்றால் மோட்டார். முதல் அரை மணி நேரம் வெட்டியதும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மூன்று போல்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். புதுப் பெயின்ட் நசுங்கி போல்ட் தளர்வது அந்த முதல் அரை மணியில்தான்.