தகரத்துக்கு மேல் கிடுகு: ஆறு கோடை கண்ட அனுபவம்

புதுக்குடியிருப்பில் எங்கள் வீடு ஓட்டு வீடுதான். ஆனால் பின்பக்கம் இறக்கிய பத்தியும் குசினியும் தகரம். சித்திரை பிறந்தால் பதினொரு மணிக்குப் பிறகு அதற்குள் நிற்க முடியாது. அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார். 2019 இல்தான் தகரத்துக்கு மேல் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, போட்டோம்.

பலன் உண்டு. வெயில் நேரே படாததால் தகரம் கொதிப்பதில்லை. பகல் இரண்டு மணிக்கு உள்ளே நின்று கையை உயர்த்தித் தகரத்தைத் தொடலாம். முன்பு தொட்ட கையை உடனே இழுக்க வேண்டும். தகரத்தின் நெளிவுகளுக்குள்ளால் காற்று ஓடுவதும் உதவி. இரவில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை, புழுக்கம் புழுக்கம்தான்.

இருபதடிக்குப் பத்தடி கூரைக்கு எழுபது கிடுகு பிடித்தது. வளவில் விழுகிற தென்னோலையை ஊறப்போட்டு அம்மாவும் மாமியும் பின்னுவார்கள். விலைக்கு வாங்குவதென்றால் மாசியிலேயே சொல்லிவைப்பது நல்லது. பிறகு வேலி அடைப்பவர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வருடம் நான் ஆணியும் சுத்தியலுமாக ஏறினேன். வேய வந்த ஐயா கீழே நின்று ஒரு பார்வை பார்த்தார். "ஆணி அடிச்சுப்போட்டு மாரியில ஒழுகுதெண்டு என்னட்ட வராதை, தம்பி." சரி, கயிற்றால் கட்டினோம். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதும் மேற்குக் கரைக் கிடுகெல்லாம் பக்கத்து வளவுக்குள் கிடந்தது. அடுத்த வருடம் முல்லைத்தீவுக் கரையில் கழித்துப் போட்ட வலையொன்றை வாங்கிவந்து, கிடுகுக்கு மேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து மரச்சட்டத்தில் கட்டினோம். அதற்குப் பிறகு ஒரு கிடுகுகூடப் பறக்கவில்லை. வலை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கிடுகுக்கு முன் சுண்ணாம்பும் பூசிப் பார்த்திருக்கிறோம். ஒரு மழையோடு கழுவிப்போய்விட்டது. பின்னேரங்களில் கூரைக்குத் தண்ணீர் அடித்தால் குளிர்ச்சிதான், ஆனால் ஆவணியில் கிணற்றின் அடி தெரியும்போது யாருக்கு அதற்கு மனம் வரும்?

சிக்கல்களும் இருக்கின்றன. எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எங்களுக்கு ஒருமுறை சாரை வந்தது, பெரிய சேதமில்லை. நெருப்புத்தான் உண்மையான பயம். குசினிப் புகைபோக்கியைச் சுற்றி மூன்றடி விட்டுத்தான் போட்டோம். விறகடுப்பு மட்டும் எரிகிற குசினிக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்று, மாரிக்கு முன் கட்டாயம் இறக்க வேண்டும். 2021 இல் சோம்பலில் விட்டுவிட்டோம். கார்த்திகை மழையில் கிடுகு ஊறி, தகரத்தோடு ஒட்டிக்கிடந்தது. தையில் தூக்கிப் பார்த்தால் கிடுகு கிடந்த இடமெல்லாம் துரு. இரண்டு தகரம் மாற்றவேண்டி வந்தது. இப்போது புரட்டாதி நடுவில், கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் சருகு அள்ளுகிற அதே நாளில், கிடுகையும் இறக்கிவிடுகிறோம். நல்லதை வேலி அடைக்க எடுப்போம், உக்கியது தென்னம்பாத்திக்கு.

2024 இலும் அப்படித்தான் இறக்கினோம். வலையைச் சுருட்டிப் பரணில் போடும்போது பார்த்தேன், எலி இரண்டு இடத்தில் அரித்திருக்கிறது. சித்திரைக்கு முன் அதைப் பொத்த வேண்டும்.