பேலியோவா, 16:8 விரதமா, அளவான சாப்பாடா?

எடையைக் குறைக்கப் போகிறேன் என்று அலுவலகத்தில் வாய்விட்டுச் சொன்னால் போதும், மதியத்துக்குள் மூன்று கட்சிக்காரர்கள் ஆள் சேர்க்க வந்துவிடுவார்கள். ஒன்று, அரிசியைத் தலைமுழுகச் சொல்லும் பேலியோ. இரண்டாவது, என்ன வேண்டுமானாலும் சாப்பிடு, ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள் என்னும் 16:8 விரதம். மூன்றாவதுக்குப் பெயரே கிடையாது. அளவைக் குறை, காயைக் கூட்டு, தினமும் நட என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பழைய வழி அது. பெயர் இல்லாததாலோ என்னவோ, யூடியூபில் அதற்கு மவுசும் இல்லை.

முதல் மாதத்தில் எத்தனை கிலோ இறங்கியது என்பதை வைத்துத்தான் எல்லோரும் மார்க் போடுகிறார்கள். நான் பார்ப்பது ஆறாவது மாதத்தை. அப்போதும் அந்த வீட்டுச் சமையலில் அது தாக்குப்பிடிக்கிறதா என்பதே கேள்வி.

அதற்கு முன், குறைக்கத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று சொல்லும் பி.எம்.ஐ. கணக்கு, இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. கை கால் ஒல்லியாகவும் தொப்பை மட்டும் முன்னால் வந்தும் இருப்பதுதான் நம் ஊர் உடல்வாகு என்பதால், எடை மெஷினைவிட இஞ்ச் டேப் சொல்வதை நம்பலாம்.

பேலியோ: வேகம் உண்டு, செலவும் உண்டு

முகநூல் குழுக்கள் வழியாகத் தமிழ்நாட்டில் பரவிய பேலியோவுக்கு ஒரு தனி மெனு உண்டு. காலையில் 100 பாதாம் அல்லது பட்டர் டீ, மதியம் காய்கறியும் பனீரும், இரவு முட்டையோ இறைச்சியோ. அரிசி, கோதுமை, சர்க்கரை, பருப்பு எல்லாம் அவுட்.

இது வேலை செய்யாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதை வெட்டினால் நாலு மணி டீயோடு வரும் பிஸ்கட், பஜ்ஜி, டப்பாவில் இருக்கும் முறுக்கு எல்லாம் சேர்ந்து போய்விடும். புரதமும் கொழுப்பும் பசியை அடக்கும். சர்க்கரை அளவும் பளிச்சென்று இறங்கும். இந்தக் கடைசி லாபம் நிஜமானது.

ஆனால் முதல் வாரத்தில் ‘மூணு கிலோ போச்சு’ என்று குழுவில் போடுகிறார்களே, அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரை இருப்பு, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து நின்றால் அது கரையும், தண்ணீரும் வெளியேறும். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் மறுநாளே அதில் பாதி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பு அவ்வளவு சுலபத்தில் கரையாது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி.

100 பாதாம் என்பதே கிட்டத்தட்ட 700 கலோரி. அதைச் சாப்பிட்டுவிட்டு மதியம்வரை பசிக்காமல் இருந்தால்தான் கணக்கு நேராகும். “நட்ஸ்தானே, உடம்புக்கு நல்லது” என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து கொறிப்பவர்கள் பேலியோவிலும் ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள்.

பேலியோவை அல்ல, அதற்கு அண்ணன் முறையான குறைந்த மாவுச்சத்து உணவை, குறைந்த கொழுப்பு உணவோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில் 609 பேர், ஓராண்டுக் காலம். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இறங்கினார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை.

பேலியோ தடுக்கி விழுவது சைவ வீடுகளில். முட்டையும் மீனும் கிடையாது, பருப்புக்கும் சுண்டலுக்கும் தடை என்றால் மிஞ்சுவது பனீரும் பாதாமும் வெண்ணெயும்தான். மளிகை பில்லைப் பார்த்தே பாதிப் பேர் மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, வீட்டில் இரண்டு சமையல். பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிவிட்டு இவருக்குத் தனியாகக் காலிஃபிளவரைத் துருவிக்கொண்டு நிற்பது யார் என்பதை எந்தக் குழுவும் பேசுவதில்லை.

16:8: செலவே இல்லாத வழி

விரதக் கட்சியின் பெரிய பலம், தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம், சமைக்க வேண்டாம் என்பது. ஏகாதசிக்குப் பட்டினி என்று சொல்லிவிட்டு ஜவ்வரிசி, கிழங்கு, வாழைப்பழம் என்று வெளுத்துக்கட்டும் பரம்பரைக்கு 16 மணி நேரம் வாயைக் கட்டுவது நல்ல பயிற்சியும்கூட.

இதற்கு ஆதாரமாக ஜப்பானின் யோஷினோரி ஓசுமியின் நோபல் பரிசை இழுப்பார்கள். 2016-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது நிஜம். செல்கள் தம் கழிவைத் தாமே தின்று செரிக்கும் முறையை அவர் கண்டறிந்தது ஈஸ்ட்டில். மதியம் 12 மணிக்குப் பிரியாணியோடு விரதம் முடிப்பவருக்குத் தொப்பை கரையும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மனிதர்களிடம் சோதித்த முடிவுகள் அடக்கமானவை. 2020-இல் அமெரிக்காவில் வெளியான 12 வார ஆய்வில், 16:8 கடைப்பிடித்தவர்களுக்கும் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவில், இரு தரப்புக்கும் ஒரே அளவு கலோரியைக் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டவர்கள் 8 கிலோ, நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இதுவும் சமம்தான். கடிகாரத்துக்கென்று தனி மாயம் இல்லை, சாப்பிடும் நேரம் சுருங்கும்போது அளவும் சுருங்கினால் பலன்.

நம் வீடுகளில் அது எங்கே சுருங்கும் என்றால், ராத்திரியில். ஒன்பதரைக்குச் சீரியல் பார்த்துக்கொண்டே நாலு தோசை, பத்தரைக்கு ஒரு வாழைப்பழம், மிக்சர். ஏழரைக்கு அடுப்பை மூடினால் இவை தானாகக் கழன்றுவிடும். ஆனால் பெரும்பாலானோர் செய்வது தலைகீழ்: காலை டிபனை விட்டுவிட்டு, மதியம் ஃபுல் மீல்ஸ் கட்டி, இரவு எட்டுக்குப் பரோட்டா. அதற்கு விரதம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

பெயரில்லாத வழி

நம் சாப்பாட்டின் அமைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. பசி சாம்பாரிலேயே தீர்ந்திருக்கும், மற்ற இரண்டும் முறை தவறக்கூடாது என்பதற்காகப் போடுவது. வடித்த சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டால் ஒரு வேளைக்கு 200 கலோரிக்கு மேல் மிச்சம், ருசியில் ஒன்றும் குறையாது. தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் விழட்டும், கூடவே முட்டையோ சுண்டலோ மீனோ. சோறு கடைசியில், ஒரு கிண்ணம் அளந்து.

அடுத்தது எண்ணெய். இதற்கு மளிகைச் சீட்டைப் பார்த்தாலே போதும். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் என்றால் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 270 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. இரண்டரை லிட்டராகக் குறைத்தால் ஆளுக்கு 100 கலோரி குறையும், அதுவும் டயட் என்ற வார்த்தையை உச்சரிக்காமலே.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. நார்ச்சத்துக்காக வரகு, தினை, கேழ்வரகு சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் அரிசிக்கும் அவற்றுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் அதுவும் பொங்கல்தான்.

இந்த வழியின் பலவீனம் இரண்டு. மாதம் ஒன்று, ஒன்றரை கிலோதான் இறங்கும், குழுவில் போட்டுக் கைதட்டு வாங்க முடியாது. அடுத்து, வீட்டுப் பாசம். “ரெண்டே ரெண்டு இட்லியா? என்னடா ஆச்சு உடம்புக்கு?” என்று அம்மா கேட்கும்போது, “இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தும்மா” என்று பேச்சை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். இட்லியை எண்ணும் அம்மாக்கள் சாம்பாரை எண்ணுவதில்லை.

இந்த வழியின் அருமை தெரிய அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு மாற்றமும் தினசரி நடையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். எடை பெரிதாக இறங்காமலே கிடைத்த பலன் இது.

நடையா, ஜிம்மா?

70 கிலோ ஆள் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது 120 முதல் 150 கலோரி. பார்க் வாசலில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைக் கையோடு திருப்பித் தந்துவிடும். ஆகவே நடையை மட்டும் நம்பி எடை குறைப்பது கஷ்டம். ஆனால் இறங்கிய எடை ஏறாமல் காப்பதில் நடையின் பங்கு பெரியது.

ஜிம் செய்வது வேறு வேலை. சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். அதைத் தடுக்கப் பளு தூக்கியே ஆக வேண்டும். வருடச் சந்தா கட்டிவிட்டுப் பிப்ரவரியில் நின்றுவிடுபவர்களுக்கு வீடே போதும்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேன். வாரம் 150 நிமிட நடை, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டில் ஒன்று அல்ல, இரண்டும்.

2025-இல் இந்தியாவுக்கு வந்துவிட்ட எடை குறைப்பு ஊசிகளைக் கேட்பவர்களும் உண்டு. அவற்றில் ஒன்றான செமாகுளூடைட் மருந்தின் ஆய்வில் 68 வாரங்களில் சுமார் 15 சதவீத எடை இறங்கியது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசி போட்டாலும் தட்டைத் திருத்தும் வேலை பாக்கி இருக்கிறது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, விரதக் கட்சியிடமிருந்து ஏழரை மணி இரவுச் சாப்பாட்டை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு. அசைவம் சாப்பிடுபவர், சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, கையில் காசும் உண்டு என்றால் டாக்டர் மேற்பார்வையில் மாவுச்சத்தை நன்றாகவே வெட்டிப் பார்க்கலாம். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு 16:8 சரிப்படாது, நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாகவே விரதம் தொடங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை மீட்டரில் பெரிதாக ஒன்றும் காட்டாமலும் போகலாம். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.