எல்ஒய்294002 வாங்கி எட்டு மாதம் போச்சு: கெமிக்கல் ப்ரோப்ஸ் போர்ட்டல் பற்றிக் கொஞ்சம்

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எந்தக் கடையில் அப்பம் வாங்கலாம் என்பதற்கே நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் எல்ஒய்294002 என்ற ஆய்வுக்கூட மூலக்கூறு ஒன்றை, ஐந்து மில்லிகிராம் தூளை, யாரையும் கேட்காமல் ஆர்டர் செய்து, எட்டு மாதத்தை அதில் கரைத்தேன். இந்த விமர்சனம் அந்தத் தூளுக்கு இல்லை. அதை வாங்கும் முன் நான் திறந்து பார்த்திருக்க வேண்டிய இலவச இணையதளத்துக்கு. பெயர் கெமிக்கல் ப்ரோப்ஸ் போர்ட்டல், இப்படிப்பட்ட மூலக்கூறுகளில் எதை நம்பலாம் என்று மதிப்பிட்டுச் சொல்லும் தளம். 2015லிருந்து இருக்கிறது, காசு எதுவும் கேட்பதில்லை.

ஊர் மலேசியாவில் பீடோங், கெடா. சுற்றி செம்பனை, இன்னும் அங்கங்கே பால்மரம். எங்கள் பக்கம் ஹார்வர்ட் எஸ்டேட் என்றே ஒரு தோட்டம் உண்டு, அதனால் வெளியூர் நண்பர்களிடம் "நானும் ஹார்வர்ட் பக்கம்தான்" என்று சொல்லிச் சிரிப்பேன். பகலில் ஆய்வுக்கூட வேலை, அதோடு முதுகலை ஆராய்ச்சி. வளர்க்கும் புற்று உயிரணுக்களில் பிஐ3கே என்ற கைனேஸை (உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் ஒரு நொதிப் புரதம்) நிறுத்தினால், உயிரணுவைப் பெருகத் தூண்டும் மிக் என்ற புரதம் குறைகிறதா, அதுதான் என் கேள்வி.

நிறுத்துவதற்கு ஒரு சிறு மூலக்கூறு வேண்டும். ப்ரோப் என்பார்கள். இது மருந்து இல்லை, மருந்துக்கு முந்தின கேள்வியைக் கேட்க உதவும் கருவி. மருந்து நாலு இடத்தில் பட்டாலும் ஆள் எழுந்து உட்கார்ந்தால் சரி. ப்ரோப் அப்படி இல்லை, ஒரே புரதத்தில் படவேண்டும், இல்லையென்றால் எதை நிறுத்தியதால் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன்? பழைய கட்டுரைகளைப் புரட்டினேன், எல்லாவற்றிலும் எல்ஒய்294002 இருந்தது, அதையே ஒரு வெளிநாட்டு விற்பனையாளரின் உள்ளூர் ஏஜென்ட் வழியாக வாங்கினேன். வந்து சேர ஆறு வாரம். உள்ளே இருந்த ஐஸ் பேக் ஐஸாக இருந்து பல நாள் ஆகியிருக்கும். பரவாயில்லை, தூள்தானே என்று விட்டுவிட்டேன்.

முடிவு அழகாக வந்தது, அதுதான் கெடுத்தது. புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட்டில் மிக் பட்டை அப்படியே மங்கி மறைந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. ஒரு சனிக்கிழமை மாமாக் கடையில், பினாங்கில் முனைவர் பட்டம் முடித்த அக்கா ஒருவரிடம் போனில் அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். முதலில் செறிவைத்தான் கேட்டார்.

"எத்தனை மைக்ரோமோலார் போட்ட?"

"அம்பது, அக்கா. எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க."

கையிலிருந்த ரொட்டி சானாயைத் தட்டில் வைத்துவிட்டார். "அம்பதா? அது பிஐ3கேயை மட்டுமா அடிச்சிருக்கும்னு நினைக்கிற? போர்ட்டல்ல பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

சரி, தளத்துக்கு வருவோம். உள்ளே போனால் ஒரு தேடல் பெட்டி. புரதத்தின் பெயரையோ மூலக்கூறின் பெயரையோ போடலாம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பக்கம், அதில் நட்சத்திரம், அதிகபட்சம் நான்கு. சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாம் போடுகிற நட்சத்திரம் இல்லை இது, அந்தத் துறையிலேயே வேலை செய்யும் வேதியியல், உயிரியல் ஆட்கள் தரவைப் பார்த்துப் போடுவது. உயிரணுவில் பயன்படுத்த ஒரு மதிப்பீடு, எலி மாதிரியான உயிரினத்தில் பயன்படுத்த இன்னொன்று. மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ இருந்தால் தைரியமாக எடுக்கலாம். எனக்குப் பிடித்தது நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் குறிப்புகள்தான்: எந்த அளவுக்கு மேல் போடாதே, ஒப்பிட்டுப் பார்க்க எந்தச் செயலற்ற இணை மூலக்கூறை (அமைப்பு ஒத்திருக்கும், இலக்கைத் தொடாது) கூடவே போடு, வேறு எந்தப் புரதத்தில் இது கை வைக்கிறது என்று ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடுபவர்களுக்கு இதில் பாதிப் பயன்கூட கிடைக்காது.

தனியாக இன்னொரு பட்டியலும் உண்டு, ப்ரோப்பாகப் பயன்படுத்தக் கூடாதவை. அதில் என் எல்ஒய்294002 உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

காரணத்தைத் தேடிப் படித்தேன். இந்த மூலக்கூறை 1994இல் எலை லில்லி மருந்து நிறுவனத்து ஆட்கள் வெளியிட்டார்கள். மூலம் குவெர்செட்டின், அதாவது வெங்காயத்தில் இருக்கிற அதே பொருள், அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது. பிஐ3கேயைப் பாதியாக அடக்கவே 1.4 மைக்ரோமோலார் வேண்டும். இன்றைக்கு ஒரு ப்ரோப் என்று சொல்ல, சோதனைக் குழாயில் 100 நானோமோலாருக்குள் (0.1 மைக்ரோமோலார்) வேலை செய்ய வேண்டும், சொந்தக்காரப் புரதங்களைவிட 30 மடங்காவது தன் இலக்கையே தேடிப் போக வேண்டும், உயிரணுவுக்குள் 1 மைக்ரோமோலாருக்குள் பலன் காட்ட வேண்டும். என் தூள் முதல் படியிலேயே வழுக்கி விழுந்துவிட்டது. அதோடு எம்டார், டிஎன்ஏ-பிகே, கேசின் கைனேஸ் 2 என்று வேறு கைனேஸ்களிலும் ஊர் முழுக்கச் சுற்றுகிற மூலக்கூறு அது. 2014இல் இன்னொன்றும் வெளிவந்தது: மரபணுக்களை இயக்க உதவும் பெட் குடும்பப் புரதங்களின் (பிஆர்டி4 அதில் ஒன்று) ப்ரோமோடொமைன் என்ற பகுதியிலும் இது போய் உட்காருகிறது. பிஆர்டி4ஐ அடக்கினால் மிக் குறையும் என்பது பலரும் காட்டிய விஷயம். அப்படியென்றால் என் அழகான படத்தில் மங்கியது பிஐ3கேயாலா, பிஆர்டி4ஆலா? தெரியாது. எட்டு மாதத்துக்கு அப்புறம், தெரியாது.

இன்னொரு அடியும் விழுந்தது. இதற்குச் செயலற்ற இணையாக எல்ஒய்303511 என்ற ஒன்றைப் பலர் போடுவார்கள். ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஒரு நைட்ரஜன், அவ்வளவுதான் வித்தியாசம், பிஐ3கேயைத் தொடாது. நானும் வாங்குவதாக இருந்தேன். ஆனால் அதுவும் எம்டாரையும் கேசின் கைனேஸ் 2ஐயும் தொடுகிறது. நல்லவேளை, பட்ஜெட் தீர்ந்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். அவர் முப்பது வருடம் மரம் சீவியவர். பால் கொட்டாயில் வாளியை இறக்கியதும் கணக்கெழுதும் கிராணி மெட்ரோலாக் என்ற அளவுகோலை உள்ளே விடுவாராம், கண்ணாடிக் குழாய் எவ்வளவு மிதக்கிறது என்று பார்த்தால் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். "மழையில நனைஞ்ச பாலுக்கே கம்பு விட்டுப் பாப்பானுங்க. நீ பாட்டிலத் தொறந்தும் பாக்கலயா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

போர்ட்டல் காட்டிய வழியில் மறுபடி ஆரம்பித்தேன். பிஐ3கேக்கு பிக்டிலிசிப் என்ற மூலக்கூறு, அதுவும் 1 மைக்ரோமோலாருக்குள். பிஆர்டி4க்கு ஜேக்யூ1. இந்த ஜேக்யூ1 கதையை எங்கள் ஹார்வர்ட் எஸ்டேட் ஆட்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. 2010இல் பாஸ்டன் டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் ஜேம்ஸ் பிராட்னர் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆட்களும் சேர்ந்து வெளியிட்டது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த இடம், அந்த ஹார்வர்ட். செய்த வேதியியலாளர் ஜுன் சீயின் (Jun Qi) முதலெழுத்துகள்தான் பெயர். அமைப்பை மறைக்காமல் வெளியிட்டு, கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார்கள். இதன் கண்ணாடிப் பிம்பம், மைனஸ் ஜேக்யூ1, வேலை செய்யாது. ஒன்று வேலை செய்கிறது, அதன் பிம்பம் செய்யவில்லை என்றால் பலன் அந்தப் புரதத்தை அடக்கியதால்தான் வந்தது என்று ஓரளவு நம்பலாம். எனக்கு பிக்டிலிசிப்பில் மிக் கொஞ்சம்தான் இறங்கியது, ஜேக்யூ1இல் தடாலென்று விழுந்தது, பிம்பத்தில் அசையவில்லை. ஒரு மாதத்தில் முடிந்த வேலை. என் ஆய்வின் தலைப்பே மாறிப்போனது வேறு விஷயம்.

நான் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். 2023இல் வந்த ஓர் ஆய்வு எட்டு ப்ரோப்களைப் பயன்படுத்திய 662 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. சொன்ன அளவுக்குள் போட்டு, செயலற்ற இணையும் போட்டு, வேறு வகை ப்ரோப் ஒன்றாலும் சரிபார்த்தவை 4 விழுக்காடு. வெட்கம் கொஞ்சம் குறைந்தது, பயம் கூடியது. ஏனென்றால் இது ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. இனிபாரிப் என்று ஒன்று, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பார்ப் நொதியை அடக்குகிறது என்று நம்பி மார்பகப் புற்றுநோயாளிகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனார்கள், 2011இல் தோற்றது. அப்புறம் பார்த்தால் அது உயிரணுவில் பார்ப்பைச் சரியாக அடக்கவே இல்லை.

இப்போது குறைகள். முதல் குறை, நிறையப் புரதங்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. தேடிவிட்டு வெறும் கையோடு திரும்பி வருவீர்கள். சில பக்கங்களில் இரண்டு மூன்று பேர் கருத்துதான் இருக்கிறது, அதுவும் எப்போதோ எழுதியது. கருத்து எழுதுபவர்கள் துறைக்காரர்களுக்கே எழுதுகிறார்கள், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் தடவை தலை சுற்றும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். இங்கே பாதி ஆராய்ச்சி மூலிகையில்தான் போகிறது. அத்தையே கேட்டுவிட்டார், "ஏன்மா, மஞ்சளப் போட்டுப் பாக்க மாட்டீங்களா?" போடாமலா? மஞ்சளில் இருக்கும் குர்குமின் எந்தச் சோதனையில் போட்டாலும் பலன் காட்டும். தானே ஒளிர்ந்து அளவீட்டைக் குழப்பும், புரதத்தோடு வேதிவினை புரியும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். உடல் சூட்டில் சாதாரண பஃபர் கரைசலில் அரைமணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்தும் போகும். இந்த மாதிரி எதிலும் பலன் காட்டி ஏமாற்றும் மூலக்கூறுகளுக்கு பெய்ன்ஸ் என்று பெயர், 2010இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் பேலும் ஹாலோவேயும் வைத்தது. அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை, "மீன் குழம்புக்கு நல்லது அத்தை" என்று முடித்துக்கொண்டேன்.

மிகப் பெரிய குறை போர்ட்டலின் தப்பு இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்: அவர்கள் நட்சத்திரம் போடுவது மூலக்கூறுக்கு, உங்கள் கைக்கு வந்த பாட்டிலுக்கு இல்லை. 2012இல், கைனேஸை அடக்கும் போசுடினிப் என்ற மருந்தின் பெயரில் பல விற்பனையாளர்கள் விற்றது போசுடினிப்பே இல்லை என்று தெரியவந்தது. இரண்டு குளோரினும் ஒரு மெத்தாக்ஸியும் வளையத்தில் இடம் மாறி உட்கார்ந்த ஐசோமர். எடை ஒன்றேதான், எடையைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டால் "சரியாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். அணுக்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர் எடுத்தால்தான் பிடிபடும்.

அப்புறம் நம்ம ஊர் காற்று. தூளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலாராகக் கரைத்து வைப்பது வழக்கம். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும், ஏர்கான் கூட்டி வைத்த அறையில் மேசையிலேயே கண்ணாடி மாதிரி கட்டியாகி நிற்கும். அதைவிட மோசம், ஈரத்தை உறிஞ்சும். மதியம் மூன்று மணிக்கு இடி இடித்து, மின்சாரம் போய், ஏர்கானும் நின்று, காற்றே தண்ணீராக இருக்கிற நேரத்தில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பிப்பெட் தேடினால் சில வாரங்களில் உங்கள் 10 மில்லிமோலார் 10 ஆக இருக்காது. நான் இப்போது வந்த அன்றே இருபது மைக்ரோலிட்டராகச் சின்னக் குழாய்களில் பிரித்துவிடுகிறேன், ஒரு குழாய் ஒரு தடவைக்கு, மீதியைத் திருப்பி வைப்பதில்லை. பாட்டிலைத் திறக்கும் முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் விடுங்கள். ஐந்து மில்லிகிராம் என்பது நகக்கண் அளவு தூள், பாதி மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், நான் முதல் பாட்டிலில் மூடியோடு குப்பையில் போட்டிருப்பேனோ என்று இன்னும் சந்தேகம்.

காசு இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: போரிங்கர் இங்கல்ஹைம் என்ற மருந்து நிறுவனம் நடத்தும் ஓப்பன்மீ என்ற தளத்தில் அவர்களுடைய மூலக்கூறுகள் சிலவற்றைச் செயலற்ற இணையோடு இலவசமாகக் கேட்கலாம். போர்ட்டலில் பார்த்துவிட்டு அங்கே போய்த் தேடுங்கள், சில நூறு வெள்ளி (ரிங்கிட்) மிச்சம்.

அவர்கள் அளவுகோலிலேயே போர்ட்டலுக்கு மூன்று நட்சத்திரம். நாலாவது, நான் தேடிக் கிடைக்காத புரதங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். எல்ஒய்294002 பாட்டில் இன்னும் மைனஸ் இருபதில் இருக்கிறது, ஒரு மில்லிகிராம் மிச்சம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் "அக்கா, இதை எடுத்துக்கட்டா?" என்றான். எதுக்கு என்று கேட்டேன். பிஐ3கேக்கு என்றான். போனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.