இடி விழுந்த கடைக்கு வந்த தம்பி

வெள்ளவத்தையில் நான் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம், ஐந்து கொம்பியூட்டர். போன ஐப்பசியில் ஒரு பின்னேரம் இடித்த இடியில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. திருப்பிப் போட்டால் ஐந்தும் எழும்பின. ஆனால் இரண்டில் இன்டர்நெட் இல்லை, மூன்றாவது ஊர்ந்தது.

முதலில் கேட்ட இடத்தில், ஒரு பெட்டியையும் திறக்காமல், ரவுட்டர், கொம்பியூட்டர் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச், மூன்று மதர்போர்ட் எல்லாம் மாற்றவேண்டும் என்றார்கள். மனம் கேட்காமல் பம்பலப்பிட்டியில், யூனிட்டி பிளாசாவுக்குக் கிட்ட, மாடியில் இருக்கும் இந்தக் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குப் போனேன்.

வந்த தம்பி எதையும் கழற்றவில்லை. எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் என்று முதலில் தாளில் கீறினார். பிறகு தன் லப்டொப்பையும் நல்ல கேபிள் ஒன்றையும் வைத்து, சுவிட்சின் எட்டுப் போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். 6, 7, 8 செத்திருந்தன. 7இல் இருந்தது மொட்டைமாடிக் கமராவின் கேபிள். இன்டர்நெட் வருவது ஃபைபரில். அது கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. கிட்ட மின்னல் விழுந்தாலே நீளமான செப்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடுமாம். அந்த மாடிக் கேபிள்தான் வழிவிட்டிருக்கிறது.

கொம்பியூட்டர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வந்ததால் போர்ட்டுகள் நல்லம் என்று நம்பியிருந்தேன். "அது உள்ளுக்கையே திரும்பிடும் அக்கா, போர்ட்டுக்கு வாறதே இல்லை" என்றார். ஊர்ந்த கொம்பியூட்டரில் பச்சை லைட் எரிந்தது, வேகம் மட்டும் செக்கனுக்கு 1000 மெகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கியிருந்தது. 1000க்கு கேபிளின் நாலு சோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு சோடி போதும். கேபிளை மாற்றியும் 100தான். அப்போ பழுது கொம்பியூட்டரின் போர்ட்டில். லைட் எரிகிறதே என்று நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

கடைசியில் மாற்றியது ஒரு சுவிட்சும், கேபிள் செருகும் போர்ட் உள்ள மூன்று நெட்வேர்க் கார்ட்டும்தான். கூலியோடு 22,500 ரூபாய். மதர்போர்ட் ஒன்றும் இல்லை, ரவுட்டர் பழையதே. மின்னலுக்கு வொரன்டி கிடையாது என்பதைக் காசு வாங்குவதற்கு முதலே சொன்னார்.

குறை ஒன்று உண்டு. புதன் வருகிறேன் என்றவர் வெள்ளிதான் வந்தார், இடையில் போனும் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் விண்ணப்பம் போட வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன்.

மாடிக் கேபிளுக்கு எர்த்தோடு சேர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை நிலத்துக்கு இறக்கிவிடுவது) போட வருகிற கிழமை திரும்ப வருகிறார். அதுவரை கேபிள் கழன்றேதான் கிடக்கிறது.