பழைய டெல்டிக்குக்குப் புது நீலம்: எனாமலா, அக்ரிலிக்கா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எண்ணெய் வகைப் பெயிண்ட்டான எனாமலா, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ கரைத்த அக்ரிலிக்கா என்று கேட்டால் நான் எனாமல் கட்சி. செகண்ட் ஹேண்டில் வாங்கி, பழைய பெயிண்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்து, மறுபடி தண்டவாளத்தில் ஓட்டப்போகும் மாடல் இஞ்சினுக்கு எனாமல்தான் சரி என்பது என் முடிவு. அக்ரிலிக்கிலும் வேலை செய்திருக்கிறேன், அதன் வசதிகளை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. பெயிண்ட் அடிக்கிற நாளில் அது தெரியாது. சில மாதம் ஓட்டிய பிறகுதான் தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது லிமாவின் டெல்டிக், அதாவது பிரிட்டிஷ் ரயில்வேயின் ஒரு டீசல் இஞ்சினுடைய மாடல். லிமா, இத்தாலியில் விசென்சா ஊர்க் கம்பெனி. 2004-ல் மூடிவிட்டது, அதன் சொத்துகளை ஹார்ன்பி வாங்கிக்கொண்டது. பிரிட்டிஷ் ரயில்களை ஓஓ அளவில், அதாவது 1:76-ல், மலிவாகச் செய்து குவித்தவர்கள் என்பதால் இங்கே லண்டன் பக்கம் பழைய மாடல் ரயில் சந்தை எதற்குப் போனாலும் ஒரு லிமா கண்ணில் படும். என்னுடையதில் பக்கவாட்டு நீலம் தேய்ந்து, மூக்கின் விளிம்பில் மஞ்சள் பெயர்ந்து பிளாஸ்டிக் தெரிந்தது. யாரோ ஒட்டிய எண் பாதி உரிந்திருந்தது. மறுபெயிண்ட்டுக்கு இப்படிப்பட்டதைத்தான் தேட வேண்டும். கீறல் இல்லாமல், அட்டைப் பெட்டியோடு கிடைக்கும் பழைய மாடலில் கை வைக்காதீர்கள். சேகரிப்பவர்களுக்குத் தொழிற்சாலைப் பெயிண்ட்தான் மதிப்பு. நாம் எவ்வளவு அழகாக அடித்தாலும் அவர்களிடம் விலை இறங்கத்தான் செய்யும்.

நிஜ டெல்டிக் மொத்தமே 22 தான். 1961, 62-ல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனி கட்டியது. ஒவ்வொன்றுக்குள்ளும் நேப்பியர் டெல்டிக் என்ற டீசல் மோட்டார் இரண்டு, சேர்த்து 3,300 குதிரைத்திறன். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ போகும் எக்ஸ்பிரஸ்களை இழுத்துக்கொண்டிருந்து, 1982 ஜனவரியோடு ஓய்வு பெற்றன. வந்த புதிதில் உடம்பு இரண்டு வகைப் பச்சை. 1960-களின் பிற்பாதியிலிருந்து பிரிட்டிஷ் ரெயில் நீலம், முகம் முழுக்க எச்சரிக்கை மஞ்சள். எனக்கு வேண்டியது அந்த நீலக் காலத்து வண்டி, அதிலும் லண்டனில் இஞ்சின்களைப் பராமரித்த ஃபின்ஸ்பரி பார்க் ஷெட்டின் வண்டி. அந்த ஷெட்காரர்கள் டிரைவர் அறை ஜன்னல்களைச் சுற்றி வெள்ளை அடித்து வைத்திருந்தார்கள். ஆக நீலம், மஞ்சள், வெள்ளை, மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். எந்தப் பெயிண்ட் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க நல்ல வண்டி.

மோட்டார் வேலையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. பழைய லிமாவில் இருப்பது தட்டையான பான்கேக் மோட்டார். மோட்டாருக்குள் சுழலும் செம்புத் தகடான கம்யூட்டேட்டரைத் துடைத்து, கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, சக்கரத்து ரப்பர் வளையம் விறைத்திருந்தால் அதையும் மாற்றி, பல்சக்கரத்துக்கு ஒரு துளி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.

பழைய பெயிண்ட்டைக் கழற்ற நான் பயன்படுத்துவது டெட்டால். கண்ணாடித் துண்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உடம்பை மட்டும் தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஓர் இரவு ஊறப் போட வேண்டும். காலையில் பெயிண்ட் தோல் மாதிரி சுருங்கி நிற்கும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். இதில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தேய்த்த கையோடு குழாயில் காட்டக் கூடாது. தண்ணீர் பட்டதும் கரைந்த பெயிண்ட்டும் டெட்டாலும் சேர்ந்து பிசுபிசுவென்று ஆகி, ஆணித் தலைகளுக்கும் காற்றுச் சல்லடை இடுக்குகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் அலசல் புது டெட்டாலில், அப்புறம்தான் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அசிட்டோன், கார் பட்டறைத் தின்னர் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

சரி, பெயிண்ட்டுக்கு வருவோம்.

அக்ரிலிக்கின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நாற்றம் குறைவு. வல்லேஹோ பிராண்ட் மாதிரித் தண்ணீர் வகையானால் பிரஷ்ஷைக் குழாயில் கழுவிவிடலாம். அரை மணியில் காய்ந்துவிடும், சனிக்கிழமை காலையில் மஞ்சள் அடித்தால் மாலையிலேயே அடுத்த நிறத்துக்குப் போகலாம். ஃபிளாட்டில் குழந்தைகளோடு இருப்பவர்கள், ஜன்னல் திறந்து வைக்க வழியில்லாதவர்கள், மேற்கொண்டு யோசிக்காமல் அக்ரிலிக் வாங்கிக்கொள்ளலாம். உடல்நலத்துக்கு மேல் எதுவும் இல்லை.

எனாமல் இதற்கு நேர் எதிர். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க வாசம். அடியில் தங்கிய நிறமியைக் கரண்டிக் காம்பால் நிதானமாகக் கலக்கி எடுக்க வேண்டும். சரியாகக் கலக்காத டப்பாதான் எனாமல் மீது வரும் பாதிப் புகாருக்குக் காரணம். பிரஷ் கழுவ டர்பன்டைன் மாதிரிக் கரைப்பானான வொயிட் ஸ்பிரிட் வேண்டும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஆறு மணி நேரம் ஆகும். உள்வரை இறுகப் பல நாள் பிடிக்கும். அடுத்த நிறம் படாமல் மறைக்க மஞ்சள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்ட நான் ஒரு வாரமாவது விடுவேன். அவசரப்பட்டு ஒட்டினால் டேப்பின் தடம் பெயிண்ட்டில் பதிந்துவிடும்.

ஆனால் அந்த மெதுவான காய்தலில் ஒரு லாபம் இருக்கிறது. பிரஷ்ஷால் அடிக்கும்போது எனாமல் தானாகப் பரவி மட்டமாகிறது, பிரஷ் கோடுகள் மறைந்துவிடும். அக்ரிலிக் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. டெல்டிக்கின் பக்கவாட்டு கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர் நீளம். அதில் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடித்தால், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்திருக்கும், கோடு விழும். காற்றால் பெயிண்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷிலும் அப்படித்தான். அக்ரிலிக் ஊசி முனையிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்ளும், நடுநடுவே நிறுத்தித் துடைக்க வேண்டும். எனாமலை வொயிட் ஸ்பிரிட்டில் நீர்மோர் பதத்துக்குக் கரைத்து ஊற்றினால் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் அடித்து முடிக்கலாம்.

இதையெல்லாம் பழக்கத்தில் சமாளித்துவிடலாம். பழக்கத்தால் சமாளிக்க முடியாதது ஒன்றுதான், இஞ்சினின் பராமரிப்பு.

மாடல் விமானமோ டாங்க்கோ செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் பெயிண்ட் அடித்து அலமாரியில் வைத்துவிட்டால் அதோடு முடிந்தது. இஞ்சின் அப்படி இல்லை. தண்டவாளத்திலிருந்துதான் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. சக்கரத்தில் கறுப்பு அழுக்கு படிந்தால் வண்டி திக்கித் திக்கி ஓடும், விளக்கு மினுக்கும். அதனால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் அடிக்கடி துடைத்தாக வேண்டும். அதற்குப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐ.பி.ஏ. அக்ரிலிக் பெயிண்ட்டுக்கு எமன் அந்த ஐ.பி.ஏ.தான்.

காரணம் பெயிண்ட் இறுகும் விதத்தில் இருக்கிறது. எனாமல் இரண்டு கட்டமாக இறுகும். முதலில் வொயிட் ஸ்பிரிட் ஆவியாகிப் போகும். அப்புறம் மிச்சமுள்ள பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொள்ளும். பின்னிய பிறகு அது பழையபடி கரைந்து திரும்புவதில்லை. டாமியா என்ற பிராண்டின் அக்ரிலிக் அப்படியில்லை. அதன் கரைப்பானிலேயே ஆல்கஹால் இருக்கிறது. அது ஆவியானால் பெயிண்ட் காய்கிறது, மறுபடி ஆல்கஹால் பட்டால் மறுபடி இளகுகிறது. தண்ணீர் வகை அக்ரிலிக், காய்ந்த பின் தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஆல்கஹாலுக்கு அதுவும் விட்டுக்கொடுக்கும்.

உடைந்த ஒரு இஞ்சின் உடம்பில் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரே பிரைமர் (அடிப்பூச்சு) மேல் டாமியா, வல்லேஹோ, எனாமல் மூன்றையும் பட்டை பட்டையாக அடித்து, நன்றாக இறுகுவதற்கு வாரக்கணக்கில் விட்டு, ஐ.பி.ஏ.வில் நனைத்த பட்ஸால் தேய்த்தேன். டாமியா பட்டையில் சில தேய்ப்பிலேயே பஞ்சு முழு நீலம், விளிம்பில் பிரைமரின் சாம்பல் எட்டிப் பார்த்தது. வல்லேஹோ சற்றுத் தாக்குப்பிடித்தது, பிறகு ஈரமான ரப்பர் மாதிரி உருண்டு வந்தது. எனாமலில் பளபளப்பு கொஞ்சம் மங்கியது, பஞ்சில் லேசான நீலச் சாயல். அவ்வளவுதான். ஐ.பி.ஏ.வில் மணிக்கணக்காக ஊறப் போட்டால் எனாமலும் விடும், அது வேறு. பராமரிப்பில் நாம் ஊறப் போடுவதில்லை.

சக்கரம் துடைக்கும்போது ஐ.பி.ஏ. உடம்புக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம். வண்டியைத் தலைகீழாக ஸ்பாஞ்சில் படுக்க வைத்துத்தான் சக்கரத்தைத் துடைக்கிறோம். பட்ஸ் கொஞ்சம் அதிகமாக நனைந்திருந்தால், ஒரு சொட்டு, சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான போகியின் பக்கவாட்டு வழியாக இறங்கி உடம்பின் கீழ் விளிம்புக்கு வந்து நிற்கும். சொட்டு விழாவிட்டாலும் விரல் நனைந்திருக்கும். அதே விரலால்தான் வண்டியைத் திருப்பித் தண்டவாளத்தில் வைக்கிறோம். பிடிக்கும் இடம் எப்போதும் ஒன்றே, டிரைவர் கதவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும். அக்ரிலிக் அடித்த வண்டிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மினுமினுப்பு இருக்கும். பெயிண்ட் இளகி, விரலால் நீவப்பட்டு, மறுபடி காய்ந்த இடம் அது. இதோடு கை வியர்வையும், போகியிலிருந்து கசியும் எண்ணெயும் சேர்ந்துகொள்கின்றன.

அக்ரிலிக் அடித்து மேலே எனாமல் வார்னிஷ் பூசினால் போதாதா என்பது நியாயமான கேள்வி. பெருமளவுக்குப் போதும். நீங்கள் ஏற்கெனவே அக்ரிலிக்கில் அடித்துவிட்டீர்கள் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் வார்னிஷ் முதலில் தேய்வது கூர்மையான விளிம்புகளில், அதாவது கீழ் விளிம்பு, மூக்கு முனை, படிகள். சொட்டு வந்து நிற்பதும் அங்கேதான். எனாமலில் வார்னிஷ் தேய்ந்தாலும் அடியில் இருப்பது தாங்கும். அக்ரிலிக்கில் வார்னிஷ் தேய்ந்த இடத்தில் எந்தக் காப்பும் மிச்சமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனாமல் அடித்துவிட்டு மேலே அக்ரிலிக் வார்னிஷ் பூசினால் இந்தப் பாதுகாப்பு முழுக்க வீண். கடைசிப் பூச்சும் எனாமல் வகையாக இருக்கட்டும்.

வெளியே கொஞ்ச நாள் ஓடிய மாதிரி அழுக்குக் காட்டும் வேலையில் மட்டும் அக்ரிலிக்குக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அக்ரிலிக் அடித்த உடம்பு மேல் எனாமல் கலவையைத் தடவி, வொயிட் ஸ்பிரிட்டால் வேண்டிய அளவு துடைத்தெடுக்கலாம், அடியில் எதுவும் நகராது. எனாமல் உடம்பில் அதைச் செய்ய, முதலில் வார்னிஷ் பூசிக் காயவிட்டு, பிறகுதான் பயந்து பயந்து துடைக்க வேண்டும். சுத்தமான, ஷெட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த டெல்டிக் எனக்குப் பிடிக்கும் என்பதால் இது என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பழைய சரக்கு இஞ்சின் செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நான் செய்த வரிசை இது. கார் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பிரைமர் ஸ்பிரே, மெல்லிய பூச்சாக. சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் கலங்கலாகத் தெரியும். பிறகு முகத்துக்கு மஞ்சள். அது நன்றாக இறுகியதும் டேப் ஒட்டி, டேப் விளிம்பில் அதே மஞ்சளை இன்னொரு தடவை மெல்லியதாக அடித்தேன். டேப்புக்கு அடியில் கசிந்தால் மஞ்சள்தான் கசியும், அதுவே இடுக்கை அடைத்தும்விடும். அப்புறம் நீலம். எல்லாம் ரயில் நிறங்களுக்கென்றே தயாரிக்கும் எனாமல் டப்பாக்கள். பீனிக்ஸ், ரெயில்மேட்ச் இரண்டிலும் பிரிட்டிஷ் ரெயில் நீலம் கிடைக்கிறது. நீலம் பாதி இறுகிய நிலையிலேயே டேப்பை மடக்கி உரிக்க வேண்டும், முழுக்க இறுகினால் விளிம்பு பிசிறும். எண்களும் பிரிட்டிஷ் ரெயிலின் இரட்டை அம்புச் சின்னமும் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால். அதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும்.

ஜன்னல் சுற்று வெள்ளைக்கு மட்டும் நான் அக்ரிலிக் எடுத்தேன். அரை மில்லிமீட்டர் கோட்டில் கை விலகாமல் இருக்காது. இறுகிய எனாமல் மேல் வல்லேஹோ வெள்ளை விலகினால், ஈர பிரஷ்ஷால் உடனே துடைத்துவிட்டு மறுபடி போடலாம். அடியிலிருக்கும் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஒன்றும் ஆகாது. அந்த வசதி எனாமல் வெள்ளையில் இல்லை, வொயிட் ஸ்பிரிட்டால் துடைக்கப் போனால் சுற்றுப்புறமும் மங்கும். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து எனாமல் சாட்டின் வார்னிஷ் மெல்லியதாக ஒரு பூச்சு. எனாமல் வார்னிஷ் நாளாக நாளாக லேசாக மஞ்சளடிக்கும், அது முதலில் தெரிவது வெள்ளையில்தான். அதனால் ஜன்னல் பக்கம் கனமாகப் பூசவில்லை.

நான் சொன்ன காய்தல் நேரமெல்லாம் லண்டன் வீட்டுக்குள், ஹீட்டர் ஓடும் அறையில் பார்த்தது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எனாமல் அடித்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அங்கே இருப்பவர்கள் மழைக்காலத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் அடித்து வைத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நாள்வரை காத்திருந்துவிட்டு வண்டியில் கை வைக்கலாம்.