பக்லாவாவா, குனெஃபேயா?

துருக்கி இனிப்பு என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் பக்லாவா. அதற்குச் சரியான போட்டி குனெஃபே. இரண்டும் பாகில் ஊறியவை, இரண்டின் தலையிலும் பச்சைப் பிஸ்தாத் தூள். ஒரே வேளையில் இரண்டையும் சாப்பிட வயிறு இடம் கொடுக்காது.

பக்லாவாவுக்குப் பேர்போன ஊர் தென்கிழக்கில் உள்ள காசியான்டெப். மாவுருண்டைகளைக் கோதுமை ஸ்டார்ச் தூவி, நீளமான மெல்லிய உருளையால் மறுபக்கம் தெரிகிற அளவுக்குத் தேய்க்கிறார்கள். அந்தத் தாள்களை அடுக்கடுக்காக விரித்து, நடுவில் முழுசாகப் பழுக்கும் முன்பே பறித்த பிஸ்தாவைப் போடுவார்கள். அப்போதுதான் அந்த அடர்பச்சை நிறமும் மணமும் வரும். 2013-ல் இந்த ஊர் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. துருக்கிப் பொருள்களில் அதுதான் முதல்.

நல்ல துண்டா என்று பார்க்க நாக்கு வரை போக வேண்டாம். முள்கரண்டியைக் குத்தினால் மேலடுக்கு சரக்கென்று நொறுங்க வேண்டும். பாகு அடியில் ஊறியிருக்கலாம், தட்டில் குளமாகத் தேங்கக் கூடாது. விலை சந்தேகப்படும்படி மலிவா? பிஸ்தாவில் பட்டாணித் தூள் கலக்கிற ஆசாமிகள் அங்கேயும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் விசாரித்துவிட்டு வாங்குங்கள், மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம்.

குனெஃபே ஹதாய் மாகாணத்துச் சரக்கு. பார்க்கச் சேமியா மாதிரி இருக்கும் கதாயிஃப் இழைகளை வெண்ணெயில் பிசறி, சின்ன உலோகத் தட்டில் அழுத்தி, நடுவில் உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டி வைத்து இன்னொரு அடுக்கால் மூடுகிறார்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் கவிழ்த்துப் போட்டு மறுபக்கமும் சுட்டு, பாகை ஊற்றி அப்படியே மேசைக்கு வரும். கரண்டியால் எடுத்தால் பாலாடைக்கட்டி நூல் நூலாக இழுபடும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இளக்கம், இனிப்போடு பால் வாசனை. முதல் வாய்க்கு இதுதான் ஜெயிக்கும் என்பது என் கட்சி.

ஆனால் அதன் ஆயுள் ரொம்பக் குறைவு. ஆறினால் பாலாடைக்கட்டி ரப்பராகிவிடும். ஹோட்டல் பஃபேயில் காலையிலிருந்து காத்திருக்கும் குனெஃபேயைத் தொடாதீர்கள். ஆர்டர் கொடுத்த பிறகு அடுப்பில் வைக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள், கொஞ்ச நேரம் காக்க வைத்தால் நல்ல அறிகுறி. ஹதாயின் தலைநகரான அந்தாக்யாவின் பழைய கடைத்தெருவை 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் சிதைத்துவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக் கடை பிடிப்பது நல்லது.

பக்லாவா எடை போட்டு விற்பது, அதனால் இரண்டு துண்டு வாங்கி ருசி பார்க்கலாம். குனெஃபே ஒரு தட்டாகத்தான் வரும், இருவர் பகிர்ந்தால் தாராளம். எதுவானாலும் கூடவே சர்க்கரை போடாத தேநீர் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதியிலேயே திகட்டிவிடும்.

இஸ்தான்புல்லோடு பயணம் முடிகிறதென்றால் பக்லாவாவையே தேர்ந்தெடுப்பேன். 1949 முதல் நடக்கும் கராக்கோய் குல்லுஓலு போன்ற நம்பகமான கடைகள் அங்கேயே இருக்கின்றன. ஹதாய் வரை போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், குனெஃபே. ஊருக்குக் கட்டிக்கொண்டு வர பக்லாவாதான் தோது. அதிலும் பாலேடு வைத்த ஷோபியெத் வகை வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும்.