பார்ன்ஸ் டி-ஈஸி செப்புக் குண்டு: எந்தக் குழலுக்கு ஏற்றது?

குழலின் வாய்வழியே வெடிமருந்து நிரப்பிச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்குக் குண்டு வாங்குபவர்கள், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்ப்பதற்கு முன், தங்கள் குழலின் உட்சுருள் (குண்டைச் சுழற்ற உட்புறம் வெட்டிய சுருள் வரி) எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மான் வேட்டைக்கு மிகுதியாக விற்கும் .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) இன்லைன் துப்பாக்கிகளில், அதாவது மருந்துக்கு நேர் பின்னாலிருந்து தீ மூட்டும் நவீன வகையில், பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அத்தகைய குழலுக்குப் பார்ன்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்-ஃபயர் டி-ஈஸி குண்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இது ஈயம் கலவாத செப்புக் குண்டு. 250, 290 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) எடைகளில் கிடைக்கிறது. வெள்ளைவால் மானுக்கு 250 போதும், தோளில் உதையும் குறையும். குண்டு குழலைத் தொடுவதில்லை. சாபோ எனப்படும் பிளாஸ்டிக் உறைதான் சுருள் வரிகளைப் பற்றிக் குண்டைச் சுழற்றி, குழல்வாயைத் தாண்டியதும் விரிந்து கழன்றுவிடுகிறது. பயிற்சிக் களத்தில் தரையில் விழுந்து கிடக்கும் உறைகளைப் பொறுக்கிப் பாருங்கள்: இதழ்கள் சீராக விரிந்து அடிப்பாகம் முழுதாக இருந்தால் நல்லது, அடி கிழிந்தோ உருகியோ இருந்தால் மருந்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

உடலில் பாய்ந்ததும் செம்பு இதழ்களாக விரியுமே தவிர, எளிதில் சிதறாது. மென்மையான ஈயக் குண்டோ, மிகுந்த வேகத்தில் எலும்பில் பட்டால் நுண்துணுக்குகளாக இறைச்சியில் கலந்துவிடும். வீட்டில் குழந்தைகளும் உண்ணப்போகும் இறைச்சி அது என்பதால், விலை கூடுதலாயினும் செம்பையே நான் விரும்புகிறேன். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அறவே கூடாது.

நிரப்புவதில்தான் பொறுமை வேண்டும். ஒருமுறை சுட்டதும் குழலில் கரி படிந்து, அடுத்த குண்டு இறுக்கமாக இறங்கும். ஈரத் துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே நிரப்புங்கள். குண்டு மருந்தின் மேல் முழுதாக அமர்ந்தபோது, அதை உள்ளே தள்ளும் கோலில் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டால், பாதியில் நின்ற குண்டோடு சுடும் பேராபத்து நேராது.

கொலராடோ மாநிலத்துக்கு வேட்டைக்குச் செல்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; அங்கு இவ்வகைத் துப்பாக்கிக்கான தனிப் பருவத்தில் சாபோவுக்குத் தடை உண்டு. தாம்சன் சென்டர் ஹாக்கன் போன்ற, 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள குழல் வைத்திருப்பவர்களுக்கு 370 கிரெயின் மேக்ஸி-பால் ஈயக் குண்டு பொருத்தமானது. 66 அங்குலச் சுற்றுள்ள பழைய பாணிக் குழலுக்கு, எண்ணெய்த் துணி சுற்றிய .490 அங்குல உருண்டைக் குண்டே சரி. அது விரைவில் வேகம் இழப்பதால், 100 கஜத்துக்கும் நன்கு உள்ளாக நெருங்கிய பிறகே சுட வேண்டும்.